பணம் வந்துவிடும், நேரத்தை யார் தருவார்?

நெல்லை டவுனுக்கு மேற்கே, பேட்டையைத் தாண்டிப் போனால் கல்லூர் வரும். வாழையும் நெல்லுமாகக் கிடக்கும் தாமிரபரணிப் பாசன பூமி. இன்னும் மேற்கே முக்கூடல் பக்கம் போய்விட்டால், பீடித் தட்டு இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் ஜனங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துபோகும் இந்தச் சின்ன ஊரில், மத்திய அரசின் மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்றும் இருக்கிறது. மாதிரி ஊரகச் சுகாதார ஆய்வு நிலையம் என்று பெயர். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 2007ல் தொடங்கப்பட்ட சுகாதார ஆராய்ச்சித் துறை, 12வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. தமிழ்நாட்டில் அது வந்து இறங்கிய இடம் சென்னையோ கோவையோ அல்ல, கல்லூர்.

ஏற்பாடு எளிமையானது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு ஓர் ஆய்வுப் பிரிவு சேர்ந்து நிற்கும். பக்கத்து மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்கள் அங்கே வந்து வேலை செய்வார்கள். ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஏதாவதொரு நிறுவனம் கையைப் பிடித்து வழிநடத்தும். கல்லூருக்குப் பக்கத்துக் கல்லூரி, ஐகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி. வழிநடத்துவது சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். ஊரில் என்ன நோய் இருக்கிறதோ அதை ஊரிலேயே வைத்து ஆராய வேண்டும், ஆய்வகத்தில் தேறிய தொழில்நுட்பம் கிராமம் வரை வந்து சேர வேண்டும் என்பது நோக்கம்.

நல்ல நோக்கம். பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பயிற்சிக்கும் வழி உண்டு. அப்படியானால் இந்தப் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளில் ரத்தம் எடுப்பவரும், ஸ்லைடு பார்ப்பவரும், எக்ஸ்ரே எடுப்பவரும், கண்ணாடிப் பவர் அளப்பவரும் ஏன் ஆய்வாளர்களாக ஆவதில்லை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஐகிரவுண்டில் என்னென்ன இருக்கிறது

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965ல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1964ல், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அலோபதியும் சித்தமும் அடுத்தடுத்த ஆண்டில் ஒரே ஊரில் கடை விரித்தது தமிழ்நாட்டில் அரிதான விஷயம். இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து ஆய்வு செய்திருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆனால் அது வேறு கட்டுரை.

2012ஐ நெல்லைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு டெங்கு கடையநல்லூரையும் சுற்றுவட்டாரத்தையும் சூறையாடியது. அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாம் நெல்லை மாவட்டக் கணக்குதான். வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். நிலவேம்புக் குடிநீர் அரசு விநியோகத்தில் வந்ததும் அந்தக் காலத்தில்தான். காய்ச்சல் கண்டவர்களுக்கு உண்மையில் என்ன வைரஸ் என்று உள்ளூரிலேயே சோதித்துச் சொல்லும் வசதி எவ்வளவு அவசியம் என்பது அந்த ஆண்டில் எல்லோருக்கும் உறைத்தது.

அதையடுத்த ஆண்டுகளில் நாடு முழுக்க வைரஸ் ஆராய்ச்சி மற்றும் கண்டறியும் ஆய்வகங்களை ஒரு வலைப்பின்னலாகக் கட்டும் திட்டம் வந்தது. விஆர்டிஎல் என்று சுருக்கிச் சொல்வார்கள். மண்டல அளவு, மாநில அளவு, மருத்துவக் கல்லூரி அளவு என்று மூன்று படி. ஐகிரவுண்டிலும் ஒன்று வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது, சோதனை செய்ய முடிந்த ஆய்வகங்கள் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், தேனி போன்றவற்றோடு நெல்லையும் அந்தச் சிறு பட்டியலில் இருந்தது. தென்மாவட்டத்து மூக்குச் சளி மாதிரிகள் ஐகிரவுண்டுக்கு வந்து குவிந்தன. இரவு பகலாகப் பிபிஇ உடைக்குள் வெந்துகொண்டு ஆர்டி-பிசிஆர் ஓட்டியவர்கள் பெரும்பாலும் லேப் டெக்னீஷியன்களும், ஒப்பந்தத்தில் வந்த எம்எஸ்ஸி பட்டதாரிகளும்தான்.

கல்லூர் நிலையம், விஆர்டிஎல் இரண்டையும் அடுத்து மூன்றாவதாக ஒன்று, பல்துறை ஆய்வுப் பிரிவு. எம்ஆர்யூ. இதுவும் சுகாதார ஆராய்ச்சித் துறையின் 2013ஆம் ஆண்டுத் திட்டம்தான். அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வுக்கென்று தனி லேப் இல்லை, கருவி இல்லை என்ற பழைய புலம்பலுக்குப் பதில். திட்டம் வகுத்தபோது ஒரு கல்லூரிக்குக் கருவிகளுக்கும் கட்டட வேலைக்கும் 5.25 கோடி ரூபாய் என்று வைத்தார்கள். ஆண்டுதோறும் ஆள் சம்பளத்துக்கும் ரசாயனங்களுக்கும் தனித் தொகை. கல்லூரி ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்கும் ஆய்வுத் திட்டங்களை, உள்ளூர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு கூடிப் பார்த்து அனுமதிக்கும். அதாவது டெல்லிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்காமல், சிறிய ஆய்வை ஊரிலேயே தொடங்கலாம். நெல்லையில் இந்தப் பிரிவும் இருக்கிறது.

சித்தத்துக்கு வந்தால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவ ஆய்வுப் பிரிவு பாளையங்கோட்டையில் இருக்கிறது. இவ்வளவையும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் வைத்திருக்கும் ஊர், பெருநகரங்களுக்கு வெளியே தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது.

பவர் பார்த்தவர்களின் ஆய்வு

இந்த மண்ணில் உலகத்தரத்தில் ஆய்வு நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நான் காட்டுவது அரவிந்த் கண் மருத்துவமனையை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அமைப்பு, 1988ல் நெல்லைக்கு வந்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பெயர் போன நிறுவனம் என்பது ஊருக்கே தெரியும். அங்கே நடந்த ஆய்வுகள்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மதுரை, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரின் கண்களைப் பரிசோதித்தது ‘அரவிந்த் முழுமைக் கண் ஆய்வு’. இதன் கண்ணழுத்த நோய் பற்றிய கட்டுரை 2003ல் சர்வதேசக் கண் மருத்துவ இதழில் வந்தது. முதல் ஆசிரியர், நெல்லை அரவிந்தைப் பல ஆண்டுகள் நடத்திய டாக்டர் ஆர். ராமகிருஷ்ணன். அந்த ஆய்வு சொன்ன ஒரு செய்தி இன்றும் திடுக்கிட வைக்கும். திறந்த கோணக் கண்ணழுத்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாமல் இருந்தார்கள். வீட்டு வாசலில் போய்ப் பார்த்திருக்காவிட்டால் இது தெரிந்திருக்காது. மருத்துவமனை ரிஜிஸ்டரில் வந்தவர்களின் கணக்குதான் இருக்கும்.

இரண்டாவது ஆய்வு இன்னும் சுவாரசியமானது. வயலில் வேலை செய்பவர்களின் கண்ணில் நெல் உமியோ இலையோ கீறி, கருவிழியில் புண் வருவது இந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம். பாக்டீரியாவால் வரும் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்துப் போடலாமா, கூடாதா? உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் இரண்டு கட்சியாக நின்ற விவகாரம். இதைத் தீர்க்க 2006 முதல் 2010 வரை ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் பணம் கொடுத்தது. மொத்தம் 500 நோயாளிகள். அதில் மிகப் பெரும்பான்மையோர் மதுரை, கோவை, நெல்லை அரவிந்த் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள். முடிவு 2012ல் வெளியானது. மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்ததில், ஒட்டுமொத்தமாக இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. அந்தச் சோதனையின் பிரதான அளவுகோல், கண்ணாடி போட்டு மூன்றாவது மாதம் எவ்வளவு பார்வை தெரிகிறது என்பது. அதை அளப்பவர் ரிஃப்ராக்‌ஷன் பார்க்கும் ஊழியர். எந்த நோயாளிக்கு எந்தச் சொட்டு என்று அவருக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் வைத்து அளக்க வேண்டும். நுண்ணுயிர் ஆய்வகத்தில் புண்ணைச் சுரண்டி எடுத்த மாதிரியை வளர்த்துப் பார்க்கும் டெக்னீஷியன் தவறினால், தவறான நோயாளி சோதனைக்குள் வந்துவிடுவார். இத்தகைய சோதனைகளில் டாக்டரின் கையெழுத்தை விடக் கனமானது இவர்களின் கை நிதானம். கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக்கும் வழக்கம் அரவிந்தில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. பயிற்சி கொடுத்தால் உலகத் தரத்துக்கு அளவெடுக்க வரும் என்பது இங்கே நிரூபணமாகிவிட்டது.

யாருக்கு எந்தக் கதவு

இனி பணத்தைப் பார்ப்போம். எம்பிபிஎஸ் அல்லது பிடிஎஸ் படிக்கும் மாணவருக்கு, ஐசிஎம்ஆர் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை உண்டு. இரண்டு மாதம் ஓர் ஆசிரியரிடம் சேர்ந்து சின்ன ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முதலாக ஆய்வுத் திட்டம் எழுதிப் பழகப் பலருக்கு இதுதான் வாசல். முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கு ஐசிஎம்ஆர் நிதி தருகிறது. காசநோய் பற்றிய ஆய்வேடானால் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்திலிருந்தும் கேட்கலாம். எம்பிபிஎஸ் முடித்தவர் ஆய்வையே முழுநேரத் தொழிலாக எடுக்க நினைத்தால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், மருத்துவர்களுக்கென்றே ஃபெலோஷிப் வைத்திருக்கிறது. அடிப்படை அறிவியல் பக்கம் சாய்ந்தவர்களுக்கு, பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்துக்குப் (எஸ்இஆர்பி) பதிலாக 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம்.

எம்எஸ்ஸி பட்டதாரிக்கு ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைத் தேர்வு. தேறினால் மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. குழந்தை, குடும்பம் என்று இடையில் வேலையை விட்ட பெண்களுக்குச் சுகாதார ஆராய்ச்சித் துறையின் ஃபெலோஷிப் ஒன்று தனியாக இருக்கிறது. நெல்லையில் இதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய பலர் கேள்விப்பட்டதில்லை என்பது என் எண்ணம். செவிலியர்கள் முனைவர் பட்டம் பெற இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு தேசியக் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. சித்த மருத்துவர்களுக்கு ஆயுஷ் அமைச்சகத்தின் வெளி ஆய்வு நிதி.

பயிற்சிக்கு இப்போது பெரிய தடை எதுவும் இல்லை. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் தயாரித்த ‘உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடம்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். ஆய்வுக் கேள்வியை எப்படி வடிப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது, ஒப்புதல் எப்படி வாங்குவது, புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது என்று அரிச்சுவடியிலிருந்து போகும். மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு இது கட்டாயம். வேறு யாரும் படிக்கலாம். ஐகிரவுண்டு லேபில் இருப்பவரும் படிக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் படித்துவிட்டு?

2021ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம், லேப் டெக்னாலஜி, ரேடியோகிராபி, பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, டயாலிசிஸ் என்று 56 தொழில்களைப் பத்து வகைகளாகப் பட்டியலிட்டது. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் தவிர மருத்துவமனையில் ஓடியாடும் மற்ற எல்லோருக்கும் முதன்முறையாக ஒரு சட்ட முகவரி. அதிலும் இரண்டு படி வைத்திருக்கிறார்கள். 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தவர் துணைச் சுகாதாரப் பணியாளர். நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணை நிற்பது அவர் வேலை. 3,600 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தவர் சுகாதாரத் தொழிலர். இவருடைய வேலைகளில் ஆய்வையும் சட்டமே சேர்த்திருக்கிறது. ஆக, சட்டப்படி இவர்களில் ஒரு சாரார் ஆய்வாளர்கள். பணிப் பட்டியலில்?

அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். எட்டு மணிக்குள் வெளிநோயாளி வரிசை ஆரம்பம். சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், ரத்த எண்ணிக்கை, சளிப் பரிசோதனை. மதியத்துக்குள் ரிசல்ட் போயாக வேண்டும். இதற்கு நடுவில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை ஓஎக்ஸ்-கே திரவத்தில் அடிக்கடித் திரள்வதை அவர் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் அடையாளம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வருபவர்களிடம் அதிகமா, வாழைத்தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் அதிகமா? இந்தப் பழைய சோதனை எத்தனை பேரைத் தவறவிடுகிறது? ஐஜிஎம் எலைசாவோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்? இவையெல்லாம் தரமான ஆய்வுக் கேள்விகள். ஆயிரக்கணக்கான சோதனைகளைக் கையால் செய்தவருக்குத்தான் முதலில் தோன்றும். தோன்றியதை எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வில்லை. எழுதினாலும் முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் ஆசிரியப் பதவியில் இருப்பவர் பெயர்தான் வரும். கட்டுரை வெளியாகும்போது, கடைசியில் நன்றி தெரிவிக்கும் வரியில் அவர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆய்வுப் பிரிவுகளிலேயே வேலை செய்பவர்களின் நிலை இன்னொரு விதம். எம்ஆர்யூ, விஆர்டிஎல் போன்றவற்றில் விஞ்ஞானி, டெக்னீஷியன் பணியிடங்கள் ஒப்பந்தப் பணியிடங்கள். ஓர் ஆண்டு, ஓர் ஆண்டாக நீட்டிப்பு. பிசிஆர் எந்திரத்தின் குணத்தையும், எந்தத் தொகுப்பு ரசாயனம் சொதப்பும் என்பதையும் அறிந்து தேறுகிற நேரத்தில், வேறு நிலையான வேலை கிடைத்ததும் அவர் கிளம்பிவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோடி ரூபாய் எந்திரம் இருந்த இடத்தில் இருக்கும். அதைப் பழகிய கை போய்விடும்.

இங்கிலாந்து இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே 2006ல் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், ஆய்வக விஞ்ஞானி, ரேடியோகிராபர் போன்ற டாக்டர் அல்லாதவர்களுக்கென்றே படிப்படியான ஆய்வுப் பாதை ஒன்றை அது போட்டது. அறிமுகப் பயிற்சியில் தொடங்கி முனைவர் பட்டம், அதற்குப் பிந்தைய பதவி வரை. முனைவர் படிப்புக்கான ஃபெலோஷிப்பில் கல்விக் கட்டணமும் ஆய்வுச் செலவும் போக, படிக்கும் காலத்துச் சம்பளத்தையும் நிறுவனமே கட்டுகிறது. அதாவது அந்தப் பணத்தில் பெரும்பங்கு வாங்குவது நேரத்தை. நம் திட்டங்கள் எந்திரத்துக்குக் கோடியைக் கணக்கில் வைக்கின்றன, மருத்துவமனை வேலையில் இருப்பவரின் ஆய்வு நேரத்துக்குச் சல்லிக்காசு வைப்பதில்லை. என் புகார் இவ்வளவுதான்.

அளந்து காட்டிய காசநோய்த் திட்டம்

இதையெல்லாம் மீறித் தமிழ்நாட்டில் ஒன்று நடந்தது. 2022 ஏப்ரலில், சென்னை நீங்கலான மாவட்டங்களில், காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை மாநில அரசு தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது. காசநோய் உறுதியானவர்களில் பலர் சிகிச்சையின் ஆரம்ப வாரங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். அவர்களை முன்கூட்டியே அடையாளம் காண எக்ஸ்ரேயோ விலையுயர்ந்த சோதனையோ தேவைப்படவில்லை. உயரம், எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, யாரும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பது, இவை போதும். காசநோய்ப் பிரிவின் களப்பணியாளரோ செவிலியரோ நோயாளி வந்தவுடனே அளந்து குறிப்பார். மோசமாக இருப்பவர் உள்நோயாளியாக அனுமதிக்கப்படுவார். நெல்லையும் இதில் அடக்கம்.

இதில் அளப்பவர்களுக்கு ஏன் அளக்கிறோம் என்பது தெரியும். அவர்கள் குறித்த எண்கள் திரும்ப அவர்களிடமே, மாவட்ட வாரியாக, வந்து சேர்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் ‘சார்ட் இட்’ என்ற செயல்முறை ஆய்வுப் பயிற்சியிலும் இதே வகைச் சிந்தனை. வேலையில் இருப்பவர், தன் வேலையில் ஏற்கெனவே சேரும் ரிஜிஸ்டர் எண்களையே எடுத்து ஆய்வு செய்வார். குறித்த தேதிக்குள் கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பாதவர் தேர்ச்சி பெற முடியாது. கண்டிப்பான வாத்தியார் முறை. ஆனால் கை கட்டி உட்கார்ந்து பவர்பாயிண்ட் பார்க்கும் இரண்டு நாள் பயிலரங்கை விட இதில் ஆயிரம் மடங்கு பயன்.

நெல்லைக்குப் பொருத்தமான கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வீடுகளில் புகையிலைத் தூளை நாள் முழுக்கச் சுவாசித்துப் பீடி சுற்றும் பெண்களின் நுரையீரல் திறன் என்ன? ஊதும் கருவியைக் கையாளத் தெரிந்த ஒரு டெக்னீஷியனும் ஒரு கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. வாழைக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்களின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது? பயோகெமிஸ்ட்ரி லேபின் அன்றாடச் சோதனைதான் அது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே போய் அளக்கும் ரத்த அழுத்தம், நெல்லையின் கோடையில் ஒரு மாதிரியும் மழையில் ஒரு மாதிரியும் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பெரிய நிதி வேண்டாம். எம்ஆர்யூவின் உள்ளூர்க் குழு அனுமதித்தால் போதும்.

அதற்கு முன் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதாக இருக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு விதி. மருந்தோ சிகிச்சையோ சோதிப்பதாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2009லிருந்து இது கட்டாயம். வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும். படிக்கும்போது மலைப்பாக இருக்கும். ஒருமுறை செய்தவர் பக்கத்தில் இருந்தால் மலைப்பு போய்விடும். நெல்லையில் அப்படிச் செய்து பழகியவர்கள் அரவிந்திலும் ஐகிரவுண்டிலும் இருக்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான்.

மிச்சம் இருப்பது நேரம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மருத்துவக் கல்வி இயக்குநரகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். அடிப்படைப் பாடத்தில் தேறி, உள்ளூர்க் குழுவின் அனுமதி பெற்ற ஆய்வு கையில் இருக்கும் டெக்னீஷியனுக்கோ பிசியோதெரபிஸ்டுக்கோ வாரத்தில் அரை நாள் ட்யூட்டி விலக்கு. அந்த அரை நாளுக்கு ஒப்பந்தத்தில் ஒரு மாற்று ஆள். அவர் கேட்ட கேள்விக்கு அவரே இணை ஆய்வாளர். மாற்று ஆளின் சம்பளத்தை ஆய்வுச் செலவில் ஓர் இனமாகக் காட்ட எம்ஆர்யூ விதிகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். ஒரே ஒரு கல்லூரியில், ஐகிரவுண்டிலேயே, ஓர் ஆண்டு செய்து பார்க்கலாம். ஆண்டு முடிவில் குழுவின் மேசைக்கு லேபிலிருந்தும் எக்ஸ்ரே அறையிலிருந்தும் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன என்று எண்ணினால், திட்டத்தை மற்றக் கல்லூரிகளுக்கு விரிப்பதா, நிறுத்துவதா என்பதை அந்த எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்யலாம்.